பாகு காயும் பருவம்: லனார்க் நாட்குறிப்பு

வெள்ளி மாலை

ரொறன்ரோவிலிருந்து ஏழாம் இலக்க நெடுஞ்சாலை வழியே கிழக்கே வந்தோம். பீற்றர்பரோ வரை வயல்கள். மார்மோராவைத் தாண்டியதும் நிலத்தின் குணமே மாறிவிட்டது. சாலையின் இரு பக்கமும் இளஞ்சிவப்புக் கருங்கற்பாறைகள், இடையிடையே சதுப்பு நிலம், உறைந்த ஏரிகள். ஏப்ரல் தொடங்கிவிட்டது, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் புல் தெரிகிறது. இங்கே காட்டுக்குள் இன்னும் முழங்கால் அளவு பனி கிடக்கிறது.

அக்கா, அத்தான், பத்து வயதான அவர்கள் மகள், நான். அத்தானுடன் வேலை செய்பவரின் பெற்றோருக்கு லனார்க் மாவட்டத்தில், பெர்த் என்ற பழைய சிறுநகருக்கு வடக்கே ஒரு மேப்பிள் தோப்பு இருக்கிறது. ஒன்ராறியோவின் மேப்பிள் தலைநகர் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் மாவட்டம் இது. தோப்பின் ஓரத்தில் கூடாரம் போட அனுமதி தந்தார்கள். அது பெரிய வாய்ப்பு. சுற்றுவட்டார மாகாணப் பூங்காக்கள் மே மாதத்தில்தான் முகாமுக்குத் திறக்கும். மேப்பிள் சாறு வடிவதோ பெப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரலில் முடிந்துவிடும்.

என் ஆசை நெடுநாளையது. மேப்பிள் சாற்றைப் பாகாகக் காய்ச்சுகிற இடத்திலேயே, அதே தோப்பின் விறகில் சுட்ட பான்கேக்கின் மேல், அன்றைக்கே இறக்கிய பாகை ஊற்றிச் சாப்பிட வேண்டும். கடையில் போத்தல் வாங்கி வீட்டு அடுப்பில் செய்வதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் இந்த உணவு பிறந்த குளிரும் புகையும் அந்தப் போத்தலுக்குள் வருவதில்லை.

வரும் வழியில் விறகு வாங்கவில்லை. வீட்டிலிருந்தும் எடுத்து வரவில்லை. காரணம் ஒரு சிறு பச்சை வண்டு. ஆசியாவிலிருந்து வந்த அந்த வண்டு 2002-இல் மிச்சிகனிலும் ஒன்ராறியோவின் வின்சர் பகுதியிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழுக்கள் ஆஷ் மரங்களின் பட்டைக்கு அடியில் துளைத்துத் துளைத்து மரத்தையே கொன்றுவிடும். விறகோடு ஒளிந்து ஊர் ஊராகப் பரவியது அது. விறகை எரிக்கும் ஊரிலேயே வாங்கு என்று முகாம்களில் எழுதிவைத்திருப்பது இதனால்தான். தோப்புக்காரர் தம் கொட்டகையிலிருந்து இரண்டு வருடம் காய்ந்த மேப்பிள் விறகு தந்தார். இரவு அதில் கொஞ்சம் எரித்துச் சூப் காய்ச்சிக் குடித்தோம். சாப்பாட்டுப் பெட்டி முழுவதையும் காருக்குள் வைத்துப் பூட்டியாயிற்று. கரடிகள் தூக்கம் கலைந்து வெளியே வரும் காலம் இது.

சனி

இரவில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே ஆறு பாகை (டிகிரி செல்சியஸ்) வரை போயிருந்தது. கூடாரத்தின் உட்புறத்தில் எங்கள் மூச்சே பனியாகப் படிந்திருந்தது. தோப்புக்கார முதியவர் வந்து வானத்தைப் பார்த்தார், வெப்பமானியைப் பார்த்தார், முகம் மலர்ந்தார். பகலில் ஏழு பாகை வரை ஏறும் என்றார். இரவு உறைய வேண்டும், பகல் உருக வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் மரம் தராது.

இதன் காரணம் எனக்குப் பெரும் வியப்பு. மேப்பிளின் கட்டைக்குள் நீர்க்குழாய்களைச் சூழ்ந்திருக்கும் நார்க்கலங்களில் வாயு நிறைந்திருக்கிறது. இரவில் குளிர ஆரம்பித்ததும் அந்த வாயு சுருங்குகிறது. சாறு அந்தக் கலங்களுக்குள் இழுபட்டு உறைகிறது. அந்த இழுவையில் வேர்கள் மண்ணிலிருந்து மேலும் நீரை உறிஞ்சுகின்றன. வெயில் பட்டதும் பனிக்கட்டி உருகுகிறது, அடைபட்டிருந்த வாயு விரிகிறது, சாறு அழுத்தத்தோடு திரும்பிப் பாய்கிறது. பட்டையில் ஒரு துளை இருந்தால் அதன் வழியே சொட்டும். சென்ற கோடையில் இலைகள் உண்டாக்கி மரம் மாப்பொருளாகச் சேமித்துவைத்த உணவுதான் சர்க்கரையாக மாறி அந்தச் சாற்றில் கரைந்து வருகிறது.

காலை முழுவதும் அவருடன் வாளி வாளியாகப் பார்த்துக்கொண்டு நடந்தோம். ஒரு மரம் துளை தாங்கும் அளவுக்குத் தடிக்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகும். துளை எட்டு மில்லிமீற்றர் அகலம், ஐந்து சென்ரிமீற்றர் ஆழம், சற்றே மேல்நோக்கிய சாய்வு. பருவம் முடிந்து குழாயைக் கழற்றியபின் மரம் அந்தக் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும். அடுத்த ஆண்டு பழைய தழும்பிலிருந்து தள்ளித்தான் துளைக்க வேண்டும். சில மரங்களில் அவருடைய தந்தையார் காலத்துத் தழும்புகளையும் விரலால் தடவிக் காட்டினார். சரிவான பகுதியில் மரத்துக்கு மரம் நீலக் குழாய்கள் கட்டிச் சாற்றைக் கீழே தொட்டிக்குக் கொண்டுவருகிறார். பாதையோர மரங்களில் மட்டும் தகர வாளிகளை விடாமல் வைத்திருக்கிறார். பெரிய தோப்புகளில் வாளிகள் எப்போதோ போய்விட்டன.

மருமகள் ஒரு வாளியின் மூடியைத் தூக்கி, "மாமா, இது தண்ணீர்தானே?" என்றாள். குடித்துப் பார்த்தேன். குளிர்ந்த, தெளிந்த நீர்தான். சில மடக்குகள் உள்ளே போனபின்தான் தொண்டையில் ஒரு மெல்லிய இனிப்பும் மரவாசமும் தங்கியது. நூற்றுக்கு இரண்டு பங்குதான் சர்க்கரை. ஆகவே நாற்பது லிற்றர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிற்றர் பாகு. ஒரு துளை ஒரு பருவம் முழுவதும் தருவதும் ஏறத்தாழ அந்த நாற்பது லிற்றர்தான். ஒரு துளைக்கு ஒரு போத்தல்! அந்தக் கணக்கைக் கேட்டபிறகு தட்டில் பாகை மிச்சம் வைக்க மனம் வராது.

யாழ்ப்பாணத்தில் பனையிலிருந்து கருப்பநீர் (பதநீர்) இறக்கிப் பனங்கட்டி காய்ச்சுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அங்கே அதைப் பிடிக்கும் முட்டி என்ற மண்கலத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசாவிட்டால் வெயில் ஏறுவதற்குள் கருப்பநீர் கள்ளாகிவிடும். இங்கே சுண்ணாம்பின் வேலையைக் குளிர் செய்கிறது. குளிர் போனால் இந்தச் சாறும் புளிக்கும். எனவே வாளி நிறைந்த நாளிலேயே அடுப்பை மூட்டுகிறார்கள்.

பிற்பகல் மூன்று மணி முதல் காய்ச்சும் கொட்டகையில் இருந்தோம். கூரையின் நடுவில் நீளமான திறப்பு. அதன் வழியே ஆவி வெண்மையாகப் பொங்கி வெளியேறியது. உள்ளே எதிரில் நிற்பவரின் முகம் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நீண்ட இரும்பு அடுப்பு, அதன் மேல் தடுப்புகள் வைத்த அகன்ற எஃகுத் தட்டுகள். ஒரு முனையில் சாறு சிறிது சிறிதாக இறங்குகிறது. தடுப்புகளுக்கிடையே வளைந்து வளைந்து நகர்ந்து மறுமுனைக்குப் போவதற்குள் பொன்னிறமாகிவிடுகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை விறகு திணிக்க வேண்டும். நுரை பொங்கி வழியப் பார்த்தால் முதியவரின் மனைவி ஒரு சிறு துளி வெண்ணெய் போடுகிறார். நுரை அந்தக் கணமே அடங்குகிறது.

பதம் பார்ப்பதுதான் உச்சம். நீர் கொதிக்கும் வெப்பத்துக்கு மேல் நான்கு பாகை ஏறினால் பாகு தயார். அதாவது 104 பாகையளவில். அதை வெப்பமானி சொல்லும். ஆனால் அம்மையார் அகன்ற கரண்டியைத் தோய்த்து உயர்த்திப் பிடித்தார். சொட்டுகள் தனித்தனியே விழாமல் விளிம்பில் ஒன்றுசேர்ந்து தாளாகத் தொங்கின. உடனே குழாயைத் திறக்கச் சொன்னார். அடர்த்திமானியை மிதக்கவிட்டுப் பார்த்தபோது சர்க்கரை 66 விழுக்காட்டைச் சற்றே தாண்டியிருந்தது. அதற்குக் குறைந்தால் பாகு பூஞ்சை பிடிக்கும், மிகக் கூடினால் போத்தலின் அடியில் கற்கண்டாக உறையும். அக்கா அவருடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பாகு காய்ச்சத் தெரிந்த கைக்கு எந்த நாட்டிலும் மரியாதை உண்டு.

இறக்கியதைக் கம்பளித் துணியில் வடிகட்டுகிறார்கள். மரத்திலிருந்து வரும் தாதுக்கள் காய்ச்சும்போது நுண்மணலாகத் திரள்கின்றன. அதை நீக்கத்தான் இந்த வடிகட்டல். சுடச்சுட ஒரு சிறு குவளையில் எங்களுக்கும் தந்தார்கள். ஆவியே இனித்தது. நாவில் பட்டதும் முதலில் வெண்ணெய், பிறகு கருகலுக்குச் சற்று முன் நிற்கும் சர்க்கரை, கடைசியில் ஈர மரம். சாற்றில் அந்த மெல்லிய மரவாசம் மட்டும்தான் இருந்தது. மற்றவை நெருப்பில் உண்டானவை.

இந்தத் தோப்பு நிற்பது அல்கொன்குயின் மக்களின் நிலம். அவர்களை உள்ளடக்கிய அனிஷினாபே மக்களும் வேறு பல பூர்வகுடியினரும் ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இந்தச் சாற்றை அறிந்திருந்தார்கள். பேர்ச் மரப்பட்டையில் செய்த கலங்களில் சேகரித்தார்கள். இரவில் உறைந்த பனிக்கட்டியை எடுத்து வீசி, மிஞ்சிய இனிப்பு நீரை மேலும் அடர்த்தியாக்கினார்கள். பாகோடு நிறுத்தாமல் காய்ந்த சர்க்கரை வரை கொண்டுபோய் ஆண்டு முழுவதற்கும் பட்டைப் பெட்டிகளில் சேமித்தார்கள். நீண்ட குளிர்காலத்தின் முடிவில், கையிருப்பு தீர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில், காடு தரும் முதல் உணவு இது. குடியேறியவர்கள் அவர்களிடம்தான் கற்றுக்கொண்டார்கள். கனடாக் கொடியில் மேப்பிள் இலை ஏறியது 1965-இல். அந்த இலையின் கதையைச் சொல்லும் எவரும் அந்தப் பட்டைக் கலங்களிலிருந்து தொடங்க வேண்டும்.

ஞாயிறு

இன்றைய காலை உணவைப் பற்றி விரிவாகவே எழுதப்போகிறேன்.

விடிவதற்கு முன்பே எழுந்து நெருப்பு மூட்டினேன். பான்கேக்கைச் சுவாலையில் சுடக் கூடாது. அடி கருகும், நடு வேகாது. தணல் வேண்டும். மேப்பிள் போன்ற வைரம் பாய்ந்த விறகு மெதுவாக எரிந்து கனத்த தணலைத் தரும்; பைன் விறகு படபடவென்று எரிந்து சாம்பலாகிவிடும், கரியும் பிசினும் மிஞ்சும். முக்கால் மணி நேரம் எரியவிட்டேன். பின்பு தணலை ஒரு பக்கமாக இழுத்துப் பரப்பினேன், மறுபக்கத்தில் சிறு சுவாலையை விட்டுவைத்தேன். சூடு குறைந்தால் அந்தப் பக்கத்திலிருந்து புதுத் தணலைத் தள்ளிக்கொள்ளலாம். மேலே கம்பித்தட்டு, அதன் மேல் கனமான வார்ப்பிரும்புச் சட்டி. மெல்லிய சட்டிகள் முகாம் நெருப்புக்கு ஆகவே ஆகாது. நெருப்பு நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அதைத் தாங்கிச் சூட்டைச் சமமாகப் பரப்ப இரும்பின் கனம் வேண்டும்.

மாவு அக்காவின் பொறுப்பு. வீட்டிலேயே கோதுமை மாவு, பேக்கிங் பவுடர், சிறிது சோடா, உப்பு ஆகியவற்றைக் கலந்து ஒரு போத்தலில் கொண்டுவந்திருந்தார். சர்க்கரை சேர்க்கவில்லை, வெனிலா சேர்க்கவில்லை. நானும் அந்தக் கட்சிதான். நல்ல பாகு கையில் இருக்கும்போது பான்கேக் உப்பும் புளிப்பும் உள்ளதாக இருக்க வேண்டும். இனிப்பைப் பாகு பார்த்துக்கொள்ளும். மோர், முட்டை, உருக்கிய வெண்ணெய் ஊற்றி, மரக்கரண்டியால் சில சுற்று மட்டும் கலக்கினார். அத்தான் கட்டிகளை உடைக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். அதிகம் கலக்கினால் மாவின் பசை இறுகிப் பான்கேக் தோலாகிவிடும். பத்து நிமிடம் மூடிவைத்தோம். அந்த நேரத்தில் சோடாவும் மோரும் சேர்ந்து மாவு மெல்ல நுரைத்து எழுந்தது.

சட்டியில் தண்ணீர் தெளித்தால் துளிகள் துள்ளி ஓட வேண்டும். அந்தச் சூட்டில் வெண்ணெயைத் தடவி, ஒரு சிறு குவளை மாவை நடுவில் ஊற்றினோம். அதைப் பரப்பக் கூடாது, தானாகப் பரவட்டும். மேலே குமிழிகள் வரும், உடையும். முதலில் உடைபவை மூடிக்கொள்ளும். உடைந்த குமிழியின் குழி மூடாமல் அப்படியே நின்று, விளிம்பும் ஈரம் வற்றினால் அதுதான் திருப்பும் நேரம். ஒரே முறை திருப்ப வேண்டும். திருப்பியபின் அழுத்தினால் உள்ளே இருக்கும் காற்றெல்லாம் போய்விடும். இதை மருமகளிடம் சொன்னேன். அவள் குந்தியிருந்து குமிழிகளைக் கண்கொட்டாமல் பார்த்து, "இப்ப திருப்புங்கோ மாமா!" என்று சரியான நொடியில் கட்டளையிட்டாள். அதன்பிறகு திருப்பும் வேலையையே அவளிடம் கொடுத்துவிட்டேன்.

நேற்று இறக்கிய பாகை ஒரு தகரக் குவளையில் ஊற்றித் தணலோரம் வைத்திருந்தோம். குளிர்ந்த பாகை ஊற்றினால் பான்கேக்கின் சூடு போய்விடும். சூடான பாகோ நீர்த்து, உள்ளே இறங்கி, பஞ்சுக்குள் ஊறும். பூச்சியத்தை ஒட்டிய குளிரில் இது சிறிய விஷயமில்லை. தட்டையும் நெருப்பருகே சூடாக்கிக்கொண்டோம். வெண்ணெய்க் கட்டி ஒன்று, மேலே பாகு, கையில் முள்கரண்டி, முகத்தில் நெருப்பின் சூடு, முதுகில் காட்டின் குளிர்.

சுவை எப்படி இருந்தது? விளிம்பு மொறுமொறுவென்று, விறகுப் புகையின் மணம் லேசாகத் தொட்டிருந்தது. நடு மென்மை. மோரின் புளிப்பு முன்னே வந்து நாவைத் திறந்துவைத்தது, பாகு அதன் பின்னே வந்து நிறைத்தது. பாகிலும் புகை, மாவிலும் புகை. இரண்டும் ஒரே மரத்தின் புகை. நேற்றைய பாகு அடர்நிற வகை. கனடாவில் விற்கும் ஏ தரப் பாகு பொன்னிறம், செம்பொன்னிறம், அடர்நிறம், மிக அடர்நிறம் என்று நான்கு நிறங்களில் வருகிறது. பருவத்தின் தொடக்கத்தில் பொன்னிறம். நாட்கள் வெப்பமாக ஆக, சாற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோசாகவும் புருக்டோசாகவும் உடைக்கின்றன. அவை காய்ச்சும்போது மேலும் கறுத்து மணம் கூட்டுகின்றன. பொன்னிறம்தான் உயர்ந்தது என்று விலை பார்த்து எண்ணுபவர்கள் உண்டு. அது அப்படியே கரண்டியில் எடுத்துச் சுவைக்க அருமையானதுதான். ஆனால் பான்கேக்குக்கு அடர்நிறம். மாவோடும் வெண்ணெயோடும் மல்லுக்கு நின்று தன் சுவையைக் காட்டும் பலம் அதற்கே உண்டு.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா தட்டை முகர்ந்து, "வெந்தயம் வறுத்த வாசம் வருகுதே" என்றார். அவருடைய மூக்கு சரியானது. வெந்தயத்தின் மணத்துக்குக் காரணமான சோட்டலோன் என்ற பொருள் மேப்பிள் பாகை நினைவூட்டும். செயற்கை மேப்பிள் மணத்தை வெந்தயச் சாற்றைக் கொண்டே உண்டாக்குகிறார்கள். 2005 முதல் நியூயோர்க் நகரில் அவ்வப்போது தெருவெல்லாம் மேப்பிள் பாகு மணந்தது. மக்கள் பயந்து அதிகாரிகளை அழைத்தார்கள். 2009-இல்தான் காரணம் தெரிந்தது: ஆற்றுக்கு அப்பால் நியூ ஜேர்சியில் ஒரு தொழிற்சாலையில் வெந்தய விதைகளைப் பதப்படுத்தியபோது காற்று அந்த மணத்தைச் சுமந்து வந்திருக்கிறது. நம் அஞ்சறைப்பெட்டிப் பொருள் ஒரு மாநகரையே குழப்பியதைச் சொன்னதும் அத்தான் சிரித்துச் சிரித்து இருமினார்.

பிற்பகலில் அம்மையார் பாகை மறுபடியும் அடுப்பிலேற்றி 113 பாகை வரை காய்ச்சினார். மரங்களுக்கு நடுவே ஒரு பலகையில் சுத்தமான பனியை அழுத்தி நிரப்பி, அதன் மேல் கோடு கோடாக ஊற்றினார். ஊற்றிய மறுகணமே அது இறுகி, ஆனால் உடையாமல், இழுபடும் மிட்டாயாகிவிட்டது. குச்சியில் சுருட்டித் தின்ன வேண்டும். கியூபெக்கின் பாகுக் கொட்டகைகளில் இது திருவிழா உணவு. அம்மையாரின் தாயார் அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்தவர். அந்த ஊர் வழக்கப்படி மிட்டாயோடு புளித்த வெள்ளரி ஊறுகாயும் வைத்தார். இனிப்பு திகட்டும்போது ஒரு கடி ஊறுகாய், திகட்டல் போனதும் மீண்டும் மிட்டாய். மருமகள் எத்தனை சுருட்டினாள் என்று யாரும் பார்க்கவில்லை.

திங்கள்

இரவு உறையவில்லை. காலையில் வாளிகள் சும்மா இருந்தன. கூடாரத்தை மடித்தோம்.

மறுபடி குளிர் வந்தால் இன்னும் ஓரிரு முறை காய்ச்சலாம் என்றார் முதியவர். மொட்டுகள் பருக்கத் தொடங்கினால் எல்லாம் முடிந்தது. அதற்குப்பின் வரும் சாற்றில் பாகு காய்ச்சினால் விரும்பத்தகாத ஒரு நெடி ஏறிவிடும். அதை யாரும் போத்தலில் அடைப்பதில்லை. வானிலையின் தயவில் நடக்கும் தொழில் இது. உலக மேப்பிள் பாகில் ஏறத்தாழ எழுபது விழுக்காட்டைத் தரும் கியூபெக் மாகாணத்தில், விளைச்சல் குன்றும் ஆண்டுகளுக்கென்று உற்பத்தியாளர் சங்கம் பீப்பாய் பீப்பாயாகச் சேமிப்பு வைத்திருக்கிறது. அந்தச் சேமிப்பிலிருந்து 2011-க்கும் 2012-க்கும் இடையில் ஏறத்தாழ 3,000 தொன் பாகைத் திருடிவிட்டார்கள். சில பீப்பாய்களில் தண்ணீரை நிரப்பிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு பண்டத்தின் மதிப்பை அறிய இதுவே போதும்.

பெர்த்தில் டே ஆற்றங்கரையில் தேநீர் குடிக்க நிறுத்தினோம். பக்கத்துக் கடையின் அலுமாரியில் உண்மைப் பாகும் போலிப் பாகும் அருகருகே நின்றன. வாசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கனடாவில் மேப்பிள் சிரப் என்று பெயரிட்டு விற்பது முழுக்க மேப்பிள் சாற்றிலிருந்தே வந்திருக்க வேண்டும். டேபிள் சிரப், பான்கேக் சிரப் என்று எழுதியிருப்பவை பெரும்பாலும் சோளச் சர்க்கரைப் பாகும் நிறமும் செயற்கை மணமும்தான். போத்தலில் இலைப் படம் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், சேர்பொருள் வரியைப் படியுங்கள். அதில் ஒரே ஒரு பொருள்தான் இருக்க வேண்டும். விலை கூடத்தான். நாற்பது லிற்றர் சாறும் அதைக் காய்ச்சிய விறகும் அந்த விலைக்குள் இருக்கின்றன. திறந்தபின் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பதனப்பொருள் எதுவும் சேர்க்காததால் வெளியே வைத்தால் பூஞ்சை படரும்.

முதியவரிடமிருந்து அடர்நிறப் பாகு நான்கு போத்தல்கள் வாங்கினோம். இரண்டு அக்கா வீட்டுக்கு, ஒன்று எனக்கு. நான்காவது, தீபாவளிக்குப் பலகாரம் சுட்டு அனுப்பும் பக்கத்து வீட்டு மாமிக்கு. அவர் இதுவரை போலிப் பாகை மட்டுமே பார்த்திருக்கிறார். அடுத்த சனிக்கிழமை பான்கேக்கோடு போய்க் கதவைத் தட்டப்போகிறேன்.